முப்பத்தொரு துவாயும் ஒரே கோடும்: 1975 என்.சி.ஜி.ஈ. வகுப்பின் கதை



நாங்கள் பரீட்சை எழுதி 50 வருடம் ஆகிறது. போன கிழமை இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் எங்களில் ஒன்பது பேர் கூடினோம். அதில் மூன்று பேருக்குக் காது கேட்காது, இரண்டு பேருக்கு ஞாபகம் இல்லை. மிச்ச நாலு பேரும் சேர்ந்து, மௌத்தாக முதல் இந்தக் கதைகளை எழுதி வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். எழுதுகிற வேலை வழமை போல வாத்தியார் தலையில் விழுந்தது. ஆனால் சொன்னது எல்லோரும். ஆகவே இதில் "நாங்கள்" என்று வருகிற இடமெல்லாம் உண்மையிலேயே நாங்கள்தான்.

பெயர்கள் மட்டும் போடவில்லை. பேரப்பிள்ளைகள் முகநூலில் இருக்கிறார்கள். மிச்சமிருக்கிற மரியாதையையாவது காப்பாற்ற வேண்டும்.

முதலில் நாங்கள் யார் என்று இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் ஓ.எல். எழுதியவர்கள் இல்லை. எங்களுக்கு முந்தியவர்கள் க.பொ.த. சாதாரண தரம் எழுதினார்கள். எங்களுக்குப் பிந்தியவர்களும் அதையே எழுதினார்கள். நடுவில் கொஞ்சப் பேர் மட்டும் என்.சி.ஜி.ஈ. என்ற ஒன்றை எழுதினோம். அதிலும் அதை முதன்முதலாக எழுதிய கூட்டம் நாங்கள். ஊரில் புது மருந்து வந்தால் முதலில் யாருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள்? அந்தக் கோழி நாங்கள்தான்.

1972ஆம் ஆண்டு நாங்கள் ஆறாம் வகுப்புக்கு வந்தோம். கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அப்போது கல்வி அமைச்சர். முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் நியமனமாகி வந்த காலம் அது. ஆளில்லாமல் கிடந்த வகுப்புகளில் ஆள் வந்து நின்றது. அதோடு சேர்ந்து புதிய பாடத்திட்டமும் வந்தது. பத்தாம் வகுப்பில் எழுதிய சோதனை ஒன்பதாம் வகுப்புக்கு இறங்கியது. கலை, விஞ்ஞானம் என்று பிரிவு கிடையாது. எல்லோருக்கும் ஒரே பத்துப் பாடம். சமயம், தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி, ஆங்கிலம், அழகியல், சுகாதாரமும் உடற்கல்வியும். இந்த எட்டோடு தொழில் முன்னிலைப் பாடம் இரண்டு.

அந்தக் கடைசி இரண்டும்தான் எங்கள் கதை. அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பகிடி.

அதே 1972, மே 22ஆம் திகதி நாடு குடியரசானது. சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. தமிழில் எங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. நேற்றும் இலங்கை, இன்றும் இலங்கை. அடி விழுந்தது ஆங்கிலப் பாடத்துக்கு. ஐந்தாம் வகுப்பிலிருந்து நாங்கள் பாடமாக்கி வைத்திருந்த ஒரே ஒரு ஆங்கிலக் கட்டுரை "மை கன்றி". அதன் முதல் வரி "சிலோன் இஸ் என் ஐலண்ட்". அந்த ஒரு வசனத்தைத்தான் நாங்கள் தண்ணீர் பட்ட பாடாக வைத்திருந்தோம். அதையும் அரசாங்கம் மாற்றிப் போட்டது. எங்களில் ஒருவன் எழும்பி, "சேர், ஐலண்டும் மாறிச்சா, இல்ல சிலோன் மட்டும்தானா?" என்று கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே பயந்துதான் கேட்டான்.

கணிதத்தில் வந்த புதுச் சரக்குக்குப் பெயர் "தொடை". ஒரு கூட்டமாகச் சேர்த்த பொருள்களுக்குக் கணிதத்தில் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பதினாலு வயதுப் பொடியன்கள் இருக்கிற கலவன் வகுப்பில் "இண்டைக்குத் தொடை படிப்பம்" என்று ஒரு மனிசன் சொன்னால் என்ன நடக்கும்? பொம்பிளைப் பிள்ளைகள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடினார்கள். நாங்கள் வாங்குக்குக் கீழே பென்சில் தேடினோம். தொடைப்பிரிவு என்றதும் பின்வாங்கில் ஒருவன் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்குக் கேட்டது.

கணித சேர் கோபப்படவில்லை. "சிரிச்சவங்க எல்லாரும் ஒரு தொடை. அந்தத் தொடை வெளிய போகட்டும்" என்றார். பொடியன்கள் முழுப்பேரும் போனோம். "மனசுக்குள்ள சிரிச்சவங்களும் அந்தத் தொடைதான்" என்றார். பொம்பிளைப் பிள்ளைகளும் எழும்பி வந்தார்கள். கடைசியில் சேரும் வெளியே வந்து, எங்களோடு விறாந்தையில் நின்று, உள்ளே கையைக் காட்டினார். "இப்ப வகுப்புக்குள்ள யாராவது இரிக்காங்களா?"

"இல்ல சேர்."

"இதுதான் சூனியத் தொடை. எல்லாரும் உள்ளுக்குப் போங்க."

எங்களில் ஆறு பேர் பிற்காலத்தில் ஆசிரியரானோம். பயிற்சிக் கலாசாலையில் படித்த கற்பித்தல் முறைகளில் பாதி மறந்து விட்டது. அந்த விறாந்தை மறக்கவில்லை. முப்பது வருடம் நாங்களும் பிள்ளைகளை அப்படித்தான் வெளியில் அனுப்பி எடுத்தோம்.

அந்தச் சூனியத் தொடைக்கு ஒரு வால் கதையும் உண்டு. எங்கள் கூட்டாளி ஒருவன் ராவையில் குப்பி விளக்கில் இருந்து "சூனியம், சூனியம்" என்று சத்தமாகப் பாடமாக்கியிருக்கிறான். அவனுடைய உம்மா பயந்து போய், விடியச் சுபஹோடு லெவ்வையிடம் போய்த் தண்ணீர் ஓதி எடுத்து வந்து, மவனுக்கு மூன்று நாள் பருக்கினார். நாலாவது நாள் கணிதச் சோதனை. அவனுக்கு எண்பதுக்கு மேலே. அந்த வருடம் முழுக்க லெவ்வை வீட்டு வாசலில் எங்கள் வகுப்பு உம்மாமார் போத்தலோடு நின்றார்கள்.

இதையெல்லாம் கேட்டால் நாங்கள் சந்தோசமாக வாழ்ந்த காலம் போலத் தெரியும். உண்மையில் அது பசிக்காலம். 1973இல் இருந்து உலகத்தில் எண்ணெய் விலையும் சாமான் விலையும் ஏறின. நாட்டில் வெளிநாட்டுச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி குறைந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து மற்ற மாவட்டத்துக்கு அரிசி கொண்டு போனால் வழியில் மறித்துப் பறித்தார்கள். நம்ம பக்கம் வயல் இருந்ததால் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் விடக் கொஞ்சம் தப்பினோம். ஆனாலும் பாணுக்குக் கியூவில் நின்றோம். மரவள்ளிக் கிழங்கைக் காலையில் அவித்து, பகலில் துவைத்து, ராவையில் கறியாக்கித் தின்றோம்.

பாண் கியூ விடிய நாலு மணிக்குத் தொடங்கும். வாப்பா தறியில், உம்மா அடுப்படியில். ஆகவே கியூ பிள்ளைகளுக்கு. ஒருநாள் எங்களில் ஒருவனுக்குப் பின்னால் வந்து நின்றவர் எங்கள் சமூகக் கல்வி சேர். சாரனும் கையில் பிளாஸ்டிக் பையுமாக. வகுப்பில் சிங்கம் போல நிற்கிற மனிசனைச் சாரனோடு பார்த்ததும் பொடியனுக்குக் கால் நடுங்கியது. "சேர், நீங்க முன்னுக்கு வாங்க" என்று இடத்தைக் கொடுத்தான். சேரும் வந்தார். அவரோடு பாண் முடிந்தது. இவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் உம்மாவிடம் ஏச்சு வாங்கினான்.

அன்று பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல், இடம் கொடுத்த தைரியத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். சேர் கூப்பிட்டு இரண்டு அடி போட்டார். "ஒண்டு வீட்டுப்பாடம் செய்யாததுக்கு. மற்றது இலஞ்சம் தந்ததுக்கு." பிறகு இடைவேளையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கடதாசியில் சுற்றிய அரைவாசிப் பாணைக் கொடுத்தார். அவன் இன்றைக்கும் அந்த அடிகளைப் பற்றிக் கதைப்பதில்லை. பாணைப் பற்றித்தான் கதைக்கிறான்.

தொழில் முன்னிலைப் பாடத்தில் ஒன்று விவசாயம். நாடு முழுக்க உணவு உற்பத்தி இயக்கம். வெறும் நிலம் கிடக்கக் கூடாது என்று கட்டளை. பள்ளிக்கூடத்துப் பந்தடிக்கிற திடலில் பாதியைக் கொத்தி மரவள்ளி நட்டோம். தண்ணீர் ஊற்றினோம், எரு போட்டோம், அளந்து கொப்பியில் எழுதினோம். விவசாய சேருக்கு அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு பெருமை. யாராவது அதிகாரி வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போவார்.

அறுவடை நாளும் வந்தது. பெரிய சேர், இரண்டு அதிகாரிகள், தராசு, சாக்கு எல்லாம் தயார். மரம் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு நின்றது. விவசாய சேர் பிஸ்மி சொல்லி முதல் மரத்தை இழுத்தார். தடி மட்டும் கையோடு வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது மரத்தில் அவருக்கு விளங்கி விட்டது. கிழங்கை யாரோ ஒவ்வொரு ராவாகத் தோண்டி எடுத்து விட்டு, தடியைத் திரும்ப நட்டு, மண்ணை அணைத்து, பாவம், தண்ணீரும் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

யார் என்று கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. இப்போது 50 வருடம் ஆகிவிட்டது. சொல்லலாம். நாங்கள்தான். கடற்கரையில் சுட்டுத் தின்றோம். உப்பு மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போனோம். விவசாய சேரின் கபுறை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்க வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்க எங்களுக்கு இருபது வருடம் தவணை இருந்தது. கேட்கவில்லை.

விளையாட்டையும் ஒரு வரி சொல்லி விடுவோம். 1975 ஜூனில் முதலாவது உலகக் கிண்ணக் கிரிக்கெட். அவுஸ்திரேலியாவின் தொம்சன் போட்ட பந்தில் நம்ம நாட்டுத் துடுப்பாட்டக்காரர் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரேடியோவில் அதைக் கேட்ட அடுத்த நாளே எங்கள் வகுப்பில் ஒரு தொம்சன் உருவானான். தென்னம் மட்டைதான் பெட். அவன் போட்ட முதல் பந்து ஸ்டம்பையும் தாண்டி, காரியாலய யன்னலையும் தாண்டி, பெரிய சேரின் பிளேன்டிக் கோப்பையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலைமை தொம்சனுக்குத்தான் வந்தது. அந்தப் பெயர் மட்டும் நிலைத்து விட்டது. அவன் கலியாணக் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போடாத குறை.

இனி நெசவு.

நம்ம ஊர் தறிச் சத்தத்தில் விடிகிற ஊர். பாங்குச் சத்தம் முந்தும், தறிச் சத்தம் பிந்தும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வருடங்களில் நாட்டுக்கு வெளியிலிருந்து துணி வருவது மிகவும் கட்டுப்பாடு. ஆகவே சாரன், துவாய், படுக்கை விரிப்பு எல்லாவற்றுக்கும் நம்ம தறியை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள். சங்கத்தில் நூல் அளந்துதான் கிடைக்கும். ஆனால் நெய்தது வீட்டில் தங்காது. நாடு முழுக்கப் பசி என்று சொன்ன காலத்தில் நம்ம ஊரில் தறி இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இதை அப்போது நாங்கள் விளங்கவில்லை. எங்களுக்கு நெசவு என்றால் வாப்பாவின் வேலை. படிக்கிற பிள்ளை அதிலிருந்து தப்புவதற்குத்தானே பள்ளிக்கூடம் போகிறான்? பள்ளிக்கூடத்திலும் தறியை வைத்தால் எங்கே போவது?

பாடத்தை எடுத்தவர்கள் 31 பேர். பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒரே ஒரு தறி. நெசவு சேர் வெளியூர் ஆள், படித்து வந்தவர், நல்ல மனிசர். ஆனால் முதல் நாளே ஒரு பொடியன் எழும்பி, "சேர், பாவு முறுக்குற மாதிரி இரிக்கி, தளத்தி உடுங்க" என்றான். அன்றிலிருந்து யார் யாருக்குப் படிப்பிக்கிறார்கள் என்பதில் ஒரு குழப்பம் இருந்தது.

ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு துவாய் நெய்து ஒப்படைக்க வேண்டும். ஒரு தறி, 31 பேர். கணக்குப் போட்டுப் பார்த்தோம். முடியாது. அதற்குத் தொடையும் தேவையில்லை, வகுத்தலும் தேவையில்லை. தறி வீட்டுப் பிள்ளைகளே கைவிரித்தார்கள். வீட்டுத் தறியில் வாப்பாவின் பாவு ஏறியிருக்கும். அதை இறக்கிப் பிள்ளைக்குத் துவாய் நெய்ய எந்த வாப்பா விடுவார்?

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். வீட்டுத் தறியில் அவளும் உம்மாவும்தான் மாறி மாறி உட்காருவார்கள். நாங்கள் போய்க் கெஞ்சினோம். ஆளுக்கு இரண்டு ரூபாய், நூலுக்கும் கூலிக்கும். அவள் யோசித்தாள், உம்மாவிடம் கேட்டாள், சரி என்றாள். ஒரே நீளப் பாவு போட்டு, வெள்ளையில் நீலக் கரையோடு, 31 துவாயை வரிசையாக நெய்து, வெட்டிக் கொடுத்தாள். ராவையிலும் நெய்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒப்படைக்கிற நாள் நெசவு சேர் வகுப்பில் குறுக்கே கயிறு கட்டி, 31 துவாயையும் வரிசையாகத் தொங்க விட்டார். நாங்கள் அழகு பார்த்தோம். சேர் முதல் துவாயைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்தார். பிறகு ஓடி ஓடிப் பார்த்தார்.

நெசவு தெரிந்தவர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். பாவில் ஒரு நூல் விட்டுப் போனால், அந்தப் பாவு முடியும் மட்டும் அந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். இடது கரையிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒரு மெல்லிய கோடு. 31 துவாயிலும். அதே இடத்தில்.

சேர் திரும்பினார். "உங்கட ஒற்றுமைய நான் மெச்சிறன். முப்பத்தொரு பேரும் ஒரே இடத்துல, ஒரே நூல, ஒரே மாதிரி தப்ப உட்டிருக்கீங்க. வேற வேற ஊட்டுல, வேற வேற தறியில. இது அல்லாஹ்ட குதுறத்து." வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. "யார் நெஞ்சது?"

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தி விட்டு, திண்ணையில் இருந்த ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். ஏனென்றால் இதுவரைக்கும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும் போதெல்லாம் நாங்கள் இந்த இடத்தில் நிறுத்தி விடுவோம். ஒற்றுமை, குதுறத்து, சிரிப்பு, கதை முடிந்தது. கலியாண வீட்டில் ஐம்பது தடவை சொல்லியிருப்போம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இது. 30 பேரும் தலையைக் குனிந்தோம். யாரும் எழும்பவில்லை. அவள் எழும்பினாள். "நான்தான் சேர்" என்றாள். "நாங்க சொல்லித்தான் நெஞ்சது" என்று ஒருவன் சொல்லியிருக்கலாம். 30 வாயில் ஒரு வாயும் திறக்கவில்லை. நெசவு சேர் அவளை ஏசவில்லை. "உக்காரு மகள்" என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிரம்பு எவ்வளவோ மேல்.

தண்டனை இப்படி. அந்த ஒரே தறியில் ஒரு பாவு ஏற்றி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒவ்வொருவராக இருந்து, 30 பேரும் ஆளுக்கு ஒரு சாண் தங்கள் கையால் நெய்ய வேண்டும். பார்த்துக் கொள்வது அவளுடைய பொறுப்பு. மாரி மழை, கூரை ஒழுகுகிறது, இரண்டு கிழமை நடந்தது. நெய்து முடித்த துணியை விரித்தால் எங்கள் வகுப்பு அப்படியே தெரிந்தது. கோபக்காரன் நெய்த சாண் பலகை போல இறுகி இருந்தது. சோம்பேறியின் சாணில் காற்றுப் போய் வந்தது. தொம்சனின் சாணில் நாடா பறந்து போய் விழுந்த இடமெல்லாம் ஓட்டை. ஒருவனுடைய சாண் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். அவன் பிற்காலத்தில் நில அளவையாளரானான். அந்தத் துணி காரியாலய வாசலில் திரையாகத் தொங்கி, பிறகு கரும்பலகை துடைக்கப் போய்ச் சேர்ந்தது.

டிசம்பரில் சோதனை எழுதினோம். அதற்கு முன்னால் கல்முனையிலிருந்து போட்டோக்காரர் வந்து வகுப்புப் படம் எடுத்தார். முன்வரிசையில் இருக்கிறவர்களுக்குச் சப்பாத்து வேண்டும். வகுப்பில் இருந்தது நாலு சோடி. மூன்று பேர் முழுசாகப் போட்டார்கள், இன்னும் இரண்டு பேர் ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்தார்கள். பின்வரிசை முழுக்க வெறுங்கால். படத்தில் பார்த்தால் நாங்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள்.

முடிவு வந்தது. சிலர் தேறினோம், சிலர் தேறவில்லை. தேறியவர்களுக்கு ஒரு புதுக் கஷ்டம். "என்ன பாஸ்?" என்று கேட்டால் "என்.சி.ஜி.ஈ." என்போம். "அது என்ன வருத்தம்?" என்று கேட்டவர்களும் உண்டு. 1977 ஜூலையில் அரசாங்கம் மாறியது. புதிய அரசாங்கம் அந்தச் சோதனையையே எடுத்து விட்டுப் பழைய சாதாரண தரத்தைத் திருப்பிக் கொண்டு வந்தது. எங்கள் சேட்டிபிக்கட் நாட்டில் இல்லாத ஒன்றுக்குச் சாட்சியாக நின்றது. வேலைக்குப் போன இடமெல்லாம் நாங்கள் முதலில் வரலாறு படிப்பிக்க வேண்டியிருந்தது.

அந்த வருடக் கடைசியிலேயே இறக்குமதிக் கதவும் திறந்தது. கப்பல் கப்பலாகத் துணி வந்தது. மலிவு, மினுக்கு, பெட்டிக்குப் பெட்டி. நம்ம துவாய் கடை மூலையில் கிடந்தது. ஒவ்வொரு தறியாகச் சத்தம் நின்றது. மிச்சம் நின்ற தறிக் கொட்டில்களை 1978 நவம்பர் 23ஆம் திகதி ராவு சூறாவளி சாய்த்தது. அன்றைய ராவு தென்னை மரங்கள் எப்படி விழுந்தன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிறகு சவூதி, குவைத், கட்டார். பிறகு சண்டைக் காலம். பிறகு 2004 டிசம்பர் 26. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டோம். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் அன்று போனார்கள். வகுப்புப் படம் இருந்த வீடுகளும் போயின. கடல் கொண்டு போகாத வீட்டுப் படத்தைக் கறையான் தின்று விட்டது. இன்று எங்களில் ஒருவரிடமும் அந்தப் படம் இல்லை.

இரண்டு கிழமைக்கு முன் 50 வருட ஒன்றுகூடலுக்குச் சொல்ல, எங்களில் மூன்று பேர் வீட்டுக்காரிகளையும் கூட்டிக் கொண்டு துவாய் நெய்தவளின் வீட்டுக்குப் போனோம். இப்போது ஒன்பது பேரப்பிள்ளைகளுக்கு மூத்தம்மா. பிளேன்டி வந்தது, பனங்கட்டி வந்தது, பழைய கதை வந்தது. எங்களில் ஒருவன் துவாய்க் கதையைத் தொடங்கினான். அவள் முழுக்கக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"பன்ரெண்டு பேர்தான் காசு தந்த. பதினெட்டுப் பேர் தரல்ல. முப்பத்தாறு ரூவா."

நாங்கள் பிளேன்டிக் கோப்பைக்குள் பார்த்தோம். கணக்கில் கெட்டிக்காரி என்று முன்னமே எழுதியிருக்கிறோம்.

"அம்பது வருசத்துக்கு வட்டி போட்டா நீங்க எல்லாரும் ஊட்ட விக்கணும். ஆனா வட்டி ஹராம். முதல மட்டும் தாங்க."

வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு எங்களில் ஒருவன், மற்றவர்களிடம் கேட்காமலே, "அண்டைக்கு நாங்க எழும்பல்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழும்பினாலும் என்ன, தறியில நான்தானே இருந்த" என்றாள்.

சோதனையில் அவள் தேறியிருந்தாள். எங்களில் பலரை விட நல்ல முடிவு. அதற்கு மேலே படிக்க அனுப்பவில்லை. வாப்பாவுக்கு வருத்தம், தறிக்கு ஆள் வேண்டும். சூறாவளியில் கொட்டில் விழுந்தது, திரும்பக் கட்டினார்கள். துணி விலை போகவில்லை. கடைசியில் தறியை மரவிலைக்குக் கொடுத்து விட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்தாள். நாலு பிள்ளைகளையும் படிப்பித்தாள். எங்கள் சேட்டிபிக்கட்டை யாருக்கும் விளங்கவில்லை என்று நாங்கள் குறைபட்டுக் கொண்டிருந்தோம். அவள் சொன்னாள், "என்ட சேட்டிபிக்கட்ட ஒருத்தரும் கேக்கவே இல்ல."

முப்பத்தாறு ரூபாயை அடுத்த நாளே கொண்டு போய்க் கொடுத்தோம். எண்ணி எடுத்தாள். சில்லறை இல்லை என்று நாலு பத்து ரூபாய்த் தாளாகக் கொடுத்தோம். நாலு ரூபாயைத் திருப்பித் தந்து விட்டாள். கூடுதலாக எடுத்தால் அதுவும் வட்டிதானே என்றாள்.

காசு வேண்டாமா, வேறு ஏதாவது செய்யலாமா என்று கேட்டதற்கு ஒரே ஒரு விருப்பம்தான் சொன்னாள். தான் நெய்ததில் ஒரு துண்டுகூடத் தன்னிடம் இல்லை, அந்தத் துவாயில் ஒன்றை ஒரு தடவை கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள்.

அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினோம்.

ஊர்ச் சொந்தங்களே, உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளைத் தயவு செய்து ஒரு தடவை திறந்து பாருங்கள். மூத்தம்மாமார் குர்ஆன் சுற்றி வைத்த துணியைப் பாருங்கள். வெள்ளைத் துவாய், நீலக் கரை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடது கரையிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒரு கோடு மேலிருந்து கீழ் வரைக்கும் ஓடும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கறை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. அப்படி ஒன்று இருந்தால் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள். நாங்கள் வந்து எடுத்துப் போய்க் காட்டி விட்டு, பத்திரமாகத் திருப்பித் தருவோம். வகுப்புப் படம் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். சப்பாத்துப் போட்டவர்கள் யார் என்ற தர்க்கம் இன்னும் முடியவில்லை.

எங்களுக்குப் படிப்பித்து மறைந்த ஆசிரியர்களுக்கும், எங்களை முந்திப் போன வகுப்புத் தோழர்களுக்கும் துஆச் செய்யுங்கள். அந்த அரைவாசிப் பாணுக்கும், மரவள்ளித் தோட்டத்துக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.

1975 என்.சி.ஜி.ஈ. வகுப்பினர்